அடிநூலைக் குற்றம் சொல்லாதீர்கள்

தைத்த துணியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் நூல் கொசகொசவென்று சுருண்டு கிடக்கிறது. உடனே, "பாபின்லதான் கோளாறு" என்று பாபின் கேஸை வெளியே எடுத்து அதன் திருகை முறுக்குவார்கள். தையல் பழகுபவர்களிடம் ஆழமாக ஊறிப்போன நம்பிக்கை இது. உண்மை நேர்மாறானது: அடியில் சுருள் விழுந்தால் பெரும்பாலும் பிசகு மேல்நூலில். துணியை அழுத்திப் பிடிக்கும் புட்டை இறக்கிவிட்டு நூல் கோத்தால் டென்ஷன் தட்டுகள் இறுக மூடியிருக்கும். நூல் அவற்றுக்கு நடுவே போய் உட்காராது. பிடிப்பே இல்லாத அந்த நூலை ஷட்டில் தாராளமாகக் கீழே இழுத்துக்கொள்ளும். புட்டைத் தூக்கி வைத்து, முதலிலிருந்து மறுபடி கோத்துப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

சந்தேகம் தீரவில்லையா? மேலே சிவப்பு நூல், கீழே நீல நூல் போட்டு வெள்ளைத் துணியில் ஒரு சாண் தையுங்கள். அடிப்பக்கம் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் மேல்நூல் தளர்வு. மேல்பக்கம் நீலம் எட்டிப் பார்த்தால் மேல்நூல் இறுக்கம். இரண்டு நூலும் பின்னும் முடிச்சு துணியின் நடுவில் மறைந்தால் சரி. டென்ஷனை இறுக்க இறுக்கத் தையல் உறுதியாகும் என்பதும் தவறு. துணி சுருங்கும், நூல் அறுந்துபோகும்.

"வேகமா மிதிச்சா தையல் நீளமா விழும்" என்பார்கள். விழாது. ஊசியும், துணியை நகர்த்தும் பல்லும் ஒரே சக்கரத்தின் சுற்றில் ஓடுகின்றன. தையல் நீளத்தை 2.5 மில்லிமீட்டரில் வைத்தால், அதாவது அங்குலத்துக்குப் பத்துத் தையல், எந்த வேகத்திலும் அந்த அளவுதான். அதைக் கெடுப்பது நம் கை. பின்னாலிருந்து துணியை இழுத்தால் ஒரு தையல் நீளும், அடுத்தது குறுகும். ஊசி வளைந்து தட்டில் மோதி முறியும். கை திசை காட்டினால் போதும். இழுக்காமலே துணி நகராமல் திணறுகிறதென்றால் ஊசித்தட்டைக் கழற்றிப் பாருங்கள். பல்லின் இடுக்குகளில் பஞ்சுத்தூசி கம்பளம் போல இறுகி அடைத்திருக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் மெஷின் வாங்கி, வீட்டிலேயே ரவிக்கை தைத்துப் பிழைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். தூசி தட்டினால் தீரும் கோளாறுக்கு அவர்கள் மெக்கானிக்குக்குக் கூலி அழக்கூடாது என்பதே என் ஆதங்கம்.

தேங்காய் எண்ணெய் மெஷினுக்கு ஆகவே ஆகாது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். மார்கழியில் சக்கரமே சுற்றாது. மற்ற மாதங்களில் தூசியோடு சேர்ந்து பிசினாகும். மெஷின் எண்ணெய் என்று தனியாக விற்கும் மெல்லிய, நிறமில்லாத எண்ணெயை விட்டு, முதலில் கழிவுத் துணியில் ஓட்டுங்கள்.

ஊசி முறியும்வரை மாற்ற வேண்டாம் என்ற எண்ணத்தையும் விடுங்கள். முனை மழுங்கிய ஊசி தையலைத் தாண்டும், மெல்லிய துணியில் இழை இழுக்கும். எட்டுப் பத்து மணி நேரம் தைத்ததும் மாற்றிவிடலாம். மாட்டும்போது ஊசியின் நீளமான பள்ளம் நூல் நுழையும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். திரும்பியிருந்தால் புது ஊசியிலும் தையல் விழாது.