சீன லேத் மோசம், ஜெர்மன் லேத் தங்கம்: எது உண்மை?

விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம் வட்டாரத்தில் பொழுதுபோக்குக்காக ஒரு சிறு லேத் வாங்கலாமா என்று கேட்டால் தீர்ப்பு கையோடு வந்துவிடும். சீன லேத் என்றால் காயலான் கடைச் சரக்கு, ஜெர்மன் என்றால் தங்கம், பழைய எச்.எம்.டி. என்றால் சாகாவரம் பெற்றது. மாதிரி எஞ்சின் செய்ய ஆசைப்படும் ஓய்வுபெற்ற ஃபிட்டர், தொலைநோக்கிக்குத் தாங்கி செய்ய நினைக்கும் ஆசிரியர், கல்லூரி புராஜெக்ட்டை வீட்டிலேயே முடிக்க விரும்பும் மாணவர் என எல்லோருக்கும் கிடைப்பது இந்த மூன்று வரிதான். ஒரு மோட்டார் சைக்கிளின் விலையைக் கொட்டி வாங்கும் பொருளுக்கு இது போதாது. ஒரு லேத்தின் தரத்தைச் சொல்வது அது பிறந்த நாடு அன்று. அதைப் பொருத்திச் சரிபார்க்க எத்தனை மணி நேரம் செலவானது என்பதுதான். அந்த நேரம் தொழிற்சாலையில் செலவாகாமல் போனால் வாங்கியவர் வீட்டில் செலவாகும்.

நாட்டுப் பெயரை வைத்து மெஷினை எடைபோடும் பழக்கம் இந்த வட்டாரத்துக்குப் பொருந்தாத ஒன்று. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி, ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வரவழைத்துத் தொழில் தொடங்கியதில்தான் சிவகாசியின் தொழில் வரலாறே ஆரம்பிக்கிறது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்க வந்த அச்சுத் தொழில், பின்னாளில் வெளிநாட்டில் ஓடிக் களைத்த ஆஃப்செட் மெஷின்களை வாங்கி இங்கே மறுபிறவி கொடுத்தது. அப்படி ஒரு பழைய மெஷினை வாங்கும் அச்சக முதலாளி பெயர்ப்பலகையைப் பார்த்துக் காசு எடுக்கமாட்டார். சிலிண்டரைச் சுற்றிப் பார்ப்பார், பேரரில் தேய்மானம் தேடுவார், கிரிப்பரைத் தட்டுவார், ரோலரை ஆட்டிப் பார்ப்பார், கவுண்டரில் எத்தனை இம்ப்ரெஷன் என்று பார்த்துவிட்டு அந்தக் கணக்கையும் நம்பமாட்டார். அதே ஊர்தான் சிறு லேத் என்று வந்ததும் அளவைக் கேட்காமல் நாட்டைக் கேட்கிறது.

இனி அந்த மெஷினைப் பார்ப்போம். உலகெங்கும் பொழுதுபோக்காளர்கள் அதிகம் வாங்கும் சிறு லேத், ஏழு அங்குல வகை. ஏறக்குறைய 180 மில்லிமீட்டர் விட்டம் வரை சுழற்றலாம். இரு சென்டர்களுக்கு நடுவே 250 முதல் 350 மில்லிமீட்டர். எடை 40 கிலோவை ஒட்டி இருக்கும். ஷாங்காயின் சீக் நிறுவனம் இதைப் பெருமளவில் செய்து புகழ்பெற்றது. வேறு சில சீனத் தொழிற்சாலைகளும் செய்கின்றன. அமெரிக்காவில் கிரிஸ்லி, பிரிட்டனில் வார்கோ, ஜெர்மனியில் ஆப்டிமம் என்ற பெயர்களில் விற்கும் சிறு லேத்துகளில் பலவும் சீனாவில் வார்த்தவைதான். ஆக, "ஜெர்மன் பெயர் இருக்கிறதே" என்ற வாதம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் விலையில் வித்தியாசம் இருக்கிறதே, அது எதற்கு? ஒரு பகுதி வாரண்டிக்கும் உதிரிபாகத்துக்கும். இன்னொரு பகுதி, பெட்டியில் அடைக்கும் முன் யாரோ ஒருவர் டயல் கேஜ் வைத்துப் பார்த்ததற்கு. லேத்தை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதை ஜெர்மன் பேராசிரியர் கியோர்க் ஷ்லெசிங்கர் 1927லேயே நூலாக்கிவிட்டார். இன்றைய ஐ.எஸ்.ஓ. 1708, நம் நாட்டின் ஐ.எஸ். 1878 ஆகிய தரங்கள் அந்த வழியில் வந்தவை. என்ன அளக்க வேண்டும் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. அளந்து திருத்தும் ஃபிட்டரின் கூலியைத்தான் மலிவு லேத் மிச்சம் பிடிக்கிறது. அதனால்தான் பெட்டியைத் திறந்தால் துருத்தடுப்பு கிரீஸுக்கு அடியில் வார்ப்பு மணல் கிடக்கிறது. பிசிறு எடுக்காத விளிம்பு கையைக் கிழிக்கிறது. கிப் பட்டை ரம்பத்தில் அறுத்த கோலத்திலேயே உள்ளே செருகப்பட்டிருக்கிறது. கூடவே வரும் சோதனைச் சான்றிதழில் எண்கள் அழகாக இருக்கும். அவற்றை உங்கள் மெஷினில் வைத்துத்தான் எழுதினார்கள் என்பதற்கு அந்தக் காகிதம் மட்டுமே சாட்சி.

"பணம் கொடுத்தவன் ஏன் ஃபிட்டர் வேலை பார்க்க வேண்டும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விற்பவர் "பொருத்தி முடிக்காத மெஷின்" என்று சொல்லி விற்றால் இந்தச் சிக்கலே இல்லை, சொல்வதில்லை. அதனால் வாங்குபவர்தான் குறைகளை இரண்டு கூறாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்று, ஆலன் கீயும் அரமும் எண்ணெய்க் கல்லும் ஒரு விடுமுறை நாளும் சரிசெய்யும் குறை: தளர்ந்த கிப், கிராஸ் ஸ்லைடில் ஆட்டம், அழுக்கு, விலகிய டெயில்ஸ்டாக். மற்றது வார்ப்பிலும் கிரைண்டிங்கிலும் புகுந்துவிட்ட குறை: முறுக்கிக்கொண்ட பெட், விரிசல், முகத்தைச் சீவினால் நடு மேடாக வரும்படி கோணலாக வெட்டிய சேடில். முகம் சற்றே குழிந்திருக்கலாம், மேடாக இருக்கக் கூடாது என்பது தரத்தின் விதி. மேடாக வந்தால் கிராஸ் ஸ்லைடு ஓடும் வழியே ஸ்பிண்டிலுக்குச் செங்குத்தாக இல்லை என்று பொருள். அதை ஸ்கிராப்பிங் தெரிந்த கைதான் மீட்க முடியும், அந்தக் கைகள் குறைந்து வருகின்றன. முதல் வகைக் குறைக்காக மெஷினைத் திட்டித் திருப்பி அனுப்புகிறவர் அவசரப்படுகிறார். இரண்டாம் வகையோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவர் ஏமாறுகிறார். புலம்பல்களில் பெரும்பகுதி இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருவது.

அந்தக் குழப்பத்தில் முதலிடம் சக்குக்கு. ஒரு கம்பியை மூன்று ஜா சக்கில் பிடித்து ஓடவிட்டதும் அது ஆடுவதைப் பார்த்து, "ஸ்பிண்டில் கோணல்" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். தானே மையம் பிடிக்கும் மூன்று ஜா சக், பெயர்பெற்ற நிறுவனத்தின் தயாரிப்பாக இருந்தாலும், ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு விலகித்தான் பிடிக்கும். மலிவுச் சக்கில் பத்தில் ஒரு பங்கையும் தாண்டலாம். அது சக்கின் குணம், லேத்தின் குற்றமன்று. லேத்தைக் கேட்க வேண்டுமானால் சக்கைக் கழற்றிவிட்டு, ஸ்பிண்டிலின் மூக்கிலும் உள்ளே இருக்கும் மோர்ஸ் டேப்பரிலும் டயல் கேஜின் முனையை வைத்துக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். முள் 0.01 மில்லிமீட்டருக்குள் ஆடினால் ஸ்பிண்டில் தேர்ந்தது. சக் எவ்வளவு விலகிப் பிடித்தாலும், ஒரே பிடியில் கடைந்து முடிக்கும் ஜாப் ஸ்பிண்டிலின் அச்சைச் சுற்றியே உருளும். கழற்றி மாட்டும்போதுதான் விலகல் தலைகாட்டும். அதற்குத்தான் ஜாக்களைத் தனித்தனியாக நகர்த்தும் நான்கு ஜா சக் இருக்கிறது. பழகிய கைக்கு அதில் மையம் பிடிக்கச் சில நிமிடம் போதும். அந்தச் சில நிமிடத்தை மிச்சம் பிடிக்க நினைத்து லேத்தையே பழிப்பது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியவில்லை.

அடுத்தது "டேப்பர் அடிக்கிறது" என்ற புகார். இங்கே குற்றவாளி பெரும்பாலும் மேசை. கடப்பைக் கல் மேசையில், அடியில் இருக்கும் மேடுபள்ளத்தைப் பாராமல் நான்கு போல்ட்டையும் இறுக்கினால் 40 கிலோ லேத்தின் மெல்லிய பெட் மேசையின் வடிவத்துக்கு வளைந்துகொடுக்கும். கண்ணுக்குத் தெரியாது, மைக்ரோமீட்டருக்குத் தெரியும். சோதிக்கும் வழி பழையது: கனமான ஒரு கம்பியைச் சக்கில் பிடித்து, டெயில்ஸ்டாக் துணையின்றி நூறு மில்லிமீட்டர் நீட்டிவிட்டு, இரு முனையிலும் ஒரு வளையம் விட்டு நடுவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பிறகு டூலை நகர்த்தாமல் இரு வளையத்தையும் ஒரே மெல்லிய வெட்டில் சீவி அளக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவில் வந்தால் ஹெட்ஸ்டாக்கும் பெட்டும் ஒன்றுக்கொன்று நேர். வராவிட்டால் முதலில் போல்ட்டைத் தளர்த்தி, அடியில் ஷிம் வைத்துப் பார்க்க வேண்டும். மெல்லிய கம்பியில் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. டூலின் அழுத்தத்துக்குக் கம்பி விலகி நுனி தடித்துப்போகும், மெஷின் மீது பழி விழும். இது சரியான பிறகே டெயில்ஸ்டாக்கின் பக்கம் போக வேண்டும். வரிசை மாறினால் ஒரு பிழையை இன்னொரு பிழையால் மறைத்துவிட்டு, இரண்டையும் தேடிக்கொண்டிருக்க நேரும்.

குறை இருக்கிறது என்று தெரிந்த பிறகு செய்யும் பழுதுபார்ப்பிலும் நம்பிக்கைகள் உண்டு. "வந்த பேரிங்கைத் தூக்கிப்போட்டு டேப்பர் ரோலர் போட்டால் லேத் மறுபிறவி எடுக்கும்" என்பது அதில் பிரபலமானது. இந்த லேத்துகளில் பெரும்பாலும் 6206 பால் பேரிங் வருகிறது. அதே உள், வெளி விட்டத்தில் 30206 டேப்பர் ரோலர் கிடைக்கிறது. இரண்டும் மதுரைக்குப் போகாமலே கிடைக்கக்கூடிய சாதாரணச் சரக்கு. ஆனால் முதலாவதன் அகலம் 16 மில்லிமீட்டர், இரண்டாவது 17.25. அந்த ஒன்றேகால் மில்லிமீட்டரை ஸ்பேசரில் குறைக்காமல் அடித்து ஏற்றினால் கவர் உட்காராது. இறுக்கத்தைக் கூட்டிவிட்டால் ஹெட்ஸ்டாக் சுடும். சரியாகச் செய்தால் அதிர்வு குறையும், ஆழமான வெட்டு தாங்கும். ஸ்பிண்டிலின் டேப்பரே விலகி வெட்டியிருந்தால் மட்டும் எந்தப் பேரிங்கும் அதைத் திருத்தாது. பேரிங்கை மாற்றும் முன் கிப்பைச் சரிசெய்தாரா என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றே பதில் வரும். செலவில்லாத வேலைக்கு மவுசு இல்லை.

பிளாஸ்டிக் கியரைக் கண்டதும் வருகிற கோபமும் இப்படித்தான். லீட் ஸ்குரூவை ஓட்டும் கியர் வரிசையில் பிளாஸ்டிக் இருப்பது மலிவுக்காகவும்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆட்டோ ஃபீடில் டூல் போஸ்ட் சக்கில் மோதும் நாளில் உடைவது எது என்பதுதான் கேள்வி. பிளாஸ்டிக் பல் போனால் கியரை மாற்றினால் முடிந்தது. எல்லாவற்றையும் இரும்பாக்கிவிட்டால் அந்த அடி ஹாஃப் நட்டுக்கோ லீட் ஸ்குரூவுக்கோ போகும். ஒரு மாற்று செட்டை வாங்கி டப்பாவில் போட்டுவைப்பது புத்திசாலித்தனம்.

வாட் கணக்கைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பெட்டியில் அச்சிட்டிருப்பது பல சமயம் மோட்டார் உறிஞ்சும் மின்சாரம், ஸ்பிண்டிலில் கிடைக்கும் வலு அன்று. பிரஷ் மோட்டாரை மிகக் குறைந்த வேகத்தில் வைத்துப் பெரிய ஜாப்பைக் கடைந்தால் கண்ட்ரோல் போர்டு கருகும். லோ கியரில் போடுவதே வழி. போர்டு பெட்டிக்குள் இரும்புச் சுருள் விழாமல் அடைப்பதும், எர்த்தை உண்மையான எர்த்தாகப் போடுவதும் முதல்நாள் வேலை. ஆனால் சிவகாசி வட்டாரத்தில் இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பிரஷ் மோட்டார் ஓடும் நேரமெல்லாம் உள்ளே தீப்பொறி விடும். டூல் தீட்டும் கிரைண்டர் வெளியேயே விடும். பட்டாசுக் கூடங்களில் தீப்பொறி எழும் கருவிகளைத் தவிர்ப்பது எதற்காக என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். தீப்பெட்டி வேலையோ மருந்து சம்பந்தப்பட்ட எதுவுமோ புழங்கும் வீட்டில், வளாகத்தில், அதன் அண்டையில் சீன லேத்தும் வேண்டாம், ஜெர்மன் லேத்தும் வேண்டாம்.

"இவ்வளவு பாடு எதற்கு, ஒரு பழைய இந்திய லேத்தை வாங்கிப் போடலாமே" என்பது வலுவான ஆட்சேபம். சுவிஸ் ஓர்லிகான் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1953இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி., 1941இல் ஹரிஹரில் தொடங்கிய மைசூர் கிர்லோஸ்கர், கோவை பி.எஸ்.ஜி. ஆகியவற்றின் லேத்துகள் வார்ப்பிலும் கனத்திலும் சிறு லேத்தோடு ஒப்பிடவே முடியாதவை. கனம்தான் அதிர்வை விழுங்கும். அந்த வாதத்துக்கு மறுப்பில்லை. ஆனால் பட்டறையில் பல பத்தாண்டுகள் உழைத்த லேத்தின் பெட், சேடில் அதிகம் ஓடிய சக் பக்கம்தான் தேய்ந்திருக்கும். சக் அருகே கிப்பை ஆட்டமில்லாமல் இறுக்கிவிட்டு டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்திப் பாருங்கள். நடுவழியில் சிக்கினால் அதுதான் தேய்மானம். பெட்டை மறுபடி கிரைண்ட் செய்வதும், அதற்கேற்ப மற்ற பாகங்களைத் தாழ்த்துவதும், ஏற்றி இறக்கும் கூலியும், த்ரீ ஃபேஸ் இணைப்பும் சேர்ந்தால் கணக்கு மாறும். தரைத்தள இடமும் பெட் நல்ல நிலையில் இருப்பதற்கான அத்தாட்சியும் இருந்தால் பழைய லேத்தே மேல். மாடி அறைதான் உண்டென்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

"பக்கத்துத் தெருப் பட்டறையில் கொடுத்தால் சில நூறு ரூபாயில் முடியுமே" என்ற இன்னொரு கேள்விக்குப் பதில் எளிது: ஜாப் வேண்டுபவர் அங்கே போகட்டும். கடையக் கற்றுக்கொள்ள வேண்டியவருக்குத்தான் இந்தக் கட்டுரை.

வாங்குவதாக முடிவெடுத்தவர் டயல் கேஜையும் காந்த ஸ்டாண்டையும் லேத்துக்கு முன்பே வாங்கிவிடட்டும். சில ஆயிரத்துக்கு மேல் ஆகாது. அங்குலக் கணக்கில் டயல் பொறித்த மெஷினா என்று கேட்கட்டும். ஒரு மில்லிமீட்டர் மரைபோட்ட ஸ்குரூவில் நாற்பது கோடு போட்டு, ஒவ்வொன்றும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று என்று எழுதிய டயல்களும் சந்தையில் உண்டு. டயல் ஓர் அங்குலம் காட்டும்போது டூல் 25 மில்லிமீட்டர்தான் போயிருக்கும், 0.4 மில்லிமீட்டர் குறையும். இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் ரசீதிலோ விற்பனைப் பக்கத்திலோ இருக்கிறதா என்று பார்க்கட்டும். பெட்டியைத் திறப்பதிலிருந்து ஸ்பிண்டில், முகம், இரு வளையம் ஆகிய மூன்று சோதனை வரை அனைத்தையும் கைபேசியில் படம்பிடித்து, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் முடித்துவிடட்டும். வார்ப்புக் குறை தெரிந்தும் விற்றவர் கைவிரித்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விருதுநகர் மாவட்டத்துக்கான ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. ஐந்து லட்ச ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.