ஸ்லீப்பை எடுத்துவிடு

அன்புள்ள தம்பிக்கு,

லேபிள் ஆப் தொடங்கும்போது ஒரு நிமிடம் சும்மா நிற்கும்படி ஸ்லீப் போட்டிருப்பதாக எழுதியிருந்தாய். அதற்குள் சீக்வென்ஸ் ஆப் எழுந்துவிடும் என்பது உன் கணக்கு. பெரும்பாலான நாள் எழுந்தும்விடும். டேட்டாபேஸ் பேக்கப் ஓடும் ஒரு ராத்திரி அந்த நிமிடம் போதாது. அன்றைக்குக் காலை ஷிப்டில் லேபிள் வராது, ஏன் வரவில்லை என்று லாகைப் பார்த்தாலும் புரியாது. அந்த வரியை இன்றே எடுத்துவிடு. அதற்குப் பதில் என்ன எழுத வேண்டும் என்று சொல்கிறேன்.

நீ இருக்கும் இடத்தில் இது சின்ன விஷயமில்லை. 1998இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து சான்ட்ரோ வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. இப்படிப்பட்ட ஆலைகளுக்கு உங்களைப் போல சீட் செய்து தருகிறவர்கள், லைனில் கார் எந்த வரிசையில் வருகிறதோ அதே வரிசையில் சீட்டை ட்ராலியில் அடுக்கி அனுப்ப வேண்டும். கையிருப்பு வைத்துச் சமாளிக்க இடமில்லை. அந்த வரிசையைப் பெறுவது சீக்வென்ஸ் ஆப், அதைத் தாளில் அச்சடிப்பது உன் லேபிள் ஆப். முதலாவது இல்லாமல் இரண்டாவது எழுந்தால், ஒன்றும் அச்சடிக்காமல் நிற்பதே மேல். பழைய வரிசையை அச்சடித்துவிட்டால் ட்ராலியே தப்பாகப் போய்ச் சேரும்.

உன் ஆப்கள் ஓடும் ஜேபாஸ் சர்வரின் பழைய பதிப்புகளில், ஃபோல்டரில் இருக்கும் கோப்புகள் ஒரு வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாக ஏறும். பெயருக்கு முன்னால் எண் போட்டு முன்பின் மாற்றுகிற வழக்கமும் இருந்தது. உன் சீனியர்கள் அப்படிப் பழகியிருப்பார்கள், அதனால்தான் உனக்கும் ‘எது முதலில்’ என்றே யோசனை ஓடுகிறது. 2011இல் வந்த ஜேபாஸ் 7 அதை மாற்றியது. 2014இல் வைல்டுஃபிளை என்ற பெயரில் முதல் பதிப்பு வந்தபோதும் அடித்தளம் அதேதான். அதன் உள்ளே மாடுலர் சர்வீஸ் கன்டெய்னர் என்று ஒன்று உண்டு. டேட்டாசோர்ஸ், க்யூ, உன் ஆப்பின் ஒவ்வொரு பகுதி, எல்லாமே அதற்கு ஒரு சர்வீஸ். ஒவ்வொரு சர்வீஸும் தனக்கு எது எது வேண்டும் என்று பதிந்து வைக்கிறது. கேட்டது எல்லாம் எழுந்த சர்வீஸ் உடனே எழும், கேட்டது வராத சர்வீஸ் காத்திருக்கும். பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் இந்த வேலையைச் செய்வதால், நீ வாய்விட்டுச் சொல்லாத வரிசைக்கு அங்கே உத்தரவாதம் கிடையாது. அதனால் நேரத்தைக் கணிக்காதே, தேவையைச் சொல்.

ஒரே ஆப்புக்குள் இருக்கும் சிங்கிள்டன் பீன்களுக்கு @டிபெண்ட்ஸ்ஆன் போதும். 2009 டிசம்பரில் வந்த ஜாவா ஈஈ 6இலிருந்தே அது இருக்கிறது. உன்னுடையவை இரண்டு தனித்தனி இயர் கோப்புகள். அங்கே அது செல்லாது. லேபிள் இயரின் மெட்டா-இன்ஃப் ஃபோல்டரில் ஜேபாஸ்-ஆல் எக்ஸ்எம்எல் கோப்பு வைத்து, சீக்வென்ஸ் இயரின் பெயரை அதில் டிபெண்டென்சியாக எழுது. அது முழுதாக ஏறிய பிறகுதான் உன்னுடையது ஏறத் தொடங்கும். இதற்கு ஒரு விலையும் உண்டு: சீக்வென்ஸ் ஆப்பை இறக்கினால் லேபிள் ஆப்பும் கூடவே இறங்கும். அதனால் ஷிப்ட் நடுவில் யாரும் ‘சின்னத் திருத்தம்தான்’ என்று அதை ரீடிப்ளாய் செய்யவிடாதே. இரண்டு ஆப்களும் ஒன்றையொன்று கேட்கும்படியும் எழுதாதே. அப்படி ஒரு நிலை வந்தால் இரண்டுக்கும் பொதுவானதைப் பிரித்து மூன்றாவதாக வை.

நீ அனுப்பிய கோடில் என்னை அதிகம் உறுத்தியது ஸ்லீப் அல்ல, டேட்டாசோர்ஸை ஒரு மெத்தடின் நடுவில் இனிஷியல்கான்டெக்ஸ்ட் வழியாக லுக்கப் செய்திருப்பதுதான். உனக்கு டேட்டாபேஸ் வேண்டும் என்பது அப்போது சர்வருக்குத் தெரியவே தெரியாது. உன் ஆப்பைத் தடுக்காமல் ஏற்றிவிடும், முதல் லேபிள் கேட்கும்போதுதான் எக்செப்ஷன் விழும். அதையே @ரிசோர்ஸ் ஆக ஃபீல்டின் மேல் எழுது. அதில் நீ கொடுக்கும் ஜேஎன்டிஐ பெயர் சர்வரில் இல்லையென்றால் டிப்ளாய்மென்ட்டே தோற்கும், எந்தப் பெயர் இல்லை என்று லாகும் சொல்லும். ராத்திரி பராமரிப்பு நேரத்தில் தோற்றால் திருத்த அவகாசம் இருக்கும். காலையில் லைன் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு நிமிடம்கூட உன்னுடையதல்ல. அதனால் டிப்ளாய்மென்ட் தோற்பதைப் பார்த்துப் பயப்படாதே.

இவ்வளவும் செய்தாலும் சர்வருக்குத் தெரிவது தனக்குள் இருப்பது மட்டும்தான். டேட்டாசோர்ஸ் சர்வீஸ் எழுந்துவிட்டது என்றால் டேட்டாபேஸ் பதில் சொல்கிறது என்று பொருளல்ல. இணைப்புகளை முன்கூட்டியே நிரப்பச் சொல்லாவிட்டால், டேட்டாபேஸ் அணைந்திருந்தாலும் டேட்டாசோர்ஸ் எழுந்து நிற்கும். வாடிக்கையாளரின் வரிசைத் தகவல் வரும் நெட்வொர்க்கும் பிரின்டரும் சர்வரின் பார்வைக்கே வராதவை. இவற்றுக்கு டிப்ளாய்மென்ட் டிபெண்டென்சி எழுதப் பார்க்காதே. ஆப் எழட்டும். எழுந்த பின் இடைவெளியைக் கூட்டிக்கூட்டி மறுபடி முயலும்படி எழுது, தொடர்பு கிடைக்கும்வரை ‘தயார்’ என்று சொல்லாமல் இருக்கும்படி ரெடினஸ் செக் வை. ஷிப்ட் சூப்பர்வைசரின் திரையில் அது சிவப்பாகத் தெரிந்தால், அவர் உனக்கு ஃபோன் செய்வதற்கு முன்பே எதைக் கேட்பது என்று தெரிந்திருக்கும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் சர்வரில் மூன்று சோதனை செய்து பார். டேட்டாசோர்ஸ் பெயரை மாற்றிவிட்டு டிப்ளாய் செய். சீக்வென்ஸ் இயர் இல்லாமல் லேபிள் இயரை மட்டும் ஏற்று. கடைசியாக டேட்டாபேஸை நிறுத்திவிட்டு சர்வரைத் தொடங்கு. முதல் இரண்டும் தோற்க வேண்டும், மூன்றாவதில் ஆப் எழுந்தும் ‘தயார்’ சொல்லாமல் இருக்க வேண்டும். மூன்று லாகையும் எனக்கு அனுப்பு. எந்த சர்வீஸ் எதற்காகக் காத்திருந்தது என்பதை நீயே முதலில் படித்து, பக்கத்தில் உன் வார்த்தையில் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்