கடைசித் தண்ணீரை ஏன் வடிக்க வேண்டும்?



கடலோரத்தில் உப்புப் பாத்தி எடுத்து நடத்தும் குழு ஒன்றின் கூட்டத்துக்குப் போயிருந்தோம். எல்லோர் முகமும் வாடியிருந்தது. உப்பு ஈரமாக இருக்கிறது, கசக்கிறது என்று வியாபாரி விலையைக் குறைத்துவிட்டாராம். "ஒரு சொட்டு தண்ணி வீணாகக் கூடாதுன்னு முழுசா வத்த விட்டோமுங்க" என்றார் குழுத் தலைவி. தவறு அங்கேதான் இருந்தது.

காரணம் புரிய, பக்கத்து மேல்நிலைப்பள்ளி ஆய்வகத்துக்கு உறுப்பினர்களை அழைத்துப் போனோம். வேதியியல் ஆசிரியை படிகாரத்தையும் சாப்பாட்டு உப்பையும் கலந்து கொடுத்தார். இரண்டும் வெள்ளை. கையால் பிரிக்க முடியுமா?

அவர் செய்தது இதுதான்:

1. 100 மில்லி சுடுதண்ணீரில் 30 கிராம் படிகாரம், 10 கிராம் உப்பு போட்டுக் கரைத்தார்.
2. வடிகட்டி, அசைக்காமல் ஒரு ராத்திரி ஆறவிட்டார்.
3. காலையில் அடியில் பளபளவென்று படிகாரக் கட்டிகள்! தண்ணீரை இறுத்துவிட்டு, கட்டிகளைக் கொஞ்சம் குளிர்ந்த நீரில் அலசினார்.

படிகாரம் சுடுதண்ணீரில் நிறையக் கரையும். ஆறினால் கொஞ்சம்தான் கரையும். மிச்சம் படிகமாக வெளியே வந்துவிடும். உப்புக்குச் சூடு பெரிய வித்தியாசம் இல்லை. 100 கிராம் தண்ணீரில், ஆறிய நிலையில் சுமார் 36 கிராம், கொதிக்கும்போது சுமார் 39 கிராம் கரையும். 10 கிராம்தானே போட்டோம்? அது தண்ணீரிலேயே தங்கிவிட்டது. தண்ணீரை இறுக்காமல் முழுக்க வற்ற வைத்திருந்தால் இரண்டும் மறுபடி கலந்தே கிடைத்திருக்கும்.

பாத்தியிலும் இதே பாடம்தான். அங்கே ஆறவிடுவதற்குப் பதில் வெயிலில் வற்ற விடுகிறோம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உண்டு. அதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம்தான் சாப்பாட்டு உப்பு. மற்றவை சுண்ணாம்பு, ஜிப்சம், மக்னீசிய உப்புகள் முதலியன. தண்ணீர் வற்ற வற்ற இவை ஒவ்வொன்றாகப் படியும். போமே மானியை மிதக்கவிட்டால் எந்தக் கட்டம் என்று தெரியும்:

● 25 டிகிரிக்கு முன்: சுண்ணாம்பு, பிறகு பெரும்பகுதி ஜிப்சம் படியும். இதற்கு முந்தைய பாத்திகளிலேயே தண்ணீரை நிறுத்த வேண்டும்.
● சுமார் 25 முதல் 29 டிகிரி வரை: நல்ல உப்பு படியும். உப்புப் பாத்திக்குத் தண்ணீர் விடும் நேரம் இது.
● 29, 30 டிகிரி வந்ததும்: மிஞ்சிய கசப்புத் தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

வடிக்காமல் விட்டால் மக்னீசிய உப்பு நம் உப்போடு ஒட்டிக்கொள்ளும். அதுதான் கசப்பு. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மூட்டையை நனைப்பதும் அதுவே.

கூட்டம் முடிந்ததும் அந்தத் தலைவி சொன்னார்: "வீணாக்கக் கூடாதுன்னு நினைச்சோம். அதுலயே மொத்த உப்பும் கெட்டுப்போச்சே!" அடுத்த முறை பாத்திக்கு ஒருவர் டிகிரி பார்த்து நோட்டில் எழுதுவது என்று அன்றே தீர்மானம் போட்டார்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்:
● நம் பாத்தியில் டிகிரி பார்ப்பது யார்?
● கசப்புத் தண்ணீரை எப்போது, எங்கே வடிக்கிறோம்? கிணறு, வயல் பக்கம் போகாமல் இருக்கிறதா?