காலமும் இடமும் அறிந்து வினையாடல்: தொலைதூரப் பணிக்குழுக்கள் குறித்து ஓர் ஆய்வு

வில்லியனூரில் இருந்தவாறே பாரிசு அலுவலகம் ஒன்றிற்குப் பணியாற்றுவதும், பாகூரில் வாழும் பட்டதாரி நியூயார்க் நிறுவனத்தின் கணக்குகளைச் சரிபார்ப்பதும் இன்று இயலக்கூடியனவே. கடல்களுக்கு அப்பால் பிரிந்திருக்கும் பணியாளரை ஒரு குழுவாக இணைத்து நடத்துவது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை தேடும் மாணவர், திருக்குறள் பொருட்பாலின் அதிகார வைப்புமுறையை நோக்குதல் நலம். காலமறிதல் (49), இடனறிதல் (50), தெரிந்துதெளிதல் (51), தெரிந்துவினையாடல் (52) என்னும் நான்கும் அடுத்தடுத்து நிற்கின்றன. அரசனுக்கு உரைத்த இம்முறை, தொலைதூரக் குழுவை நடத்துவார்க்கும் பொருந்துமாற்றை ஈண்டுக் காண்போம்.

காலமறிதல்

காலம் அறியாது வினைசெய்ததன் விளைவைப் புதுவை மண்ணே கண்டுள்ளது. 1748 ஏப்ரல் 30ஆம் நாள் ஐரோப்பாவில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் முதற்கட்ட அமைதி உடன்பாட்டில் கையொப்பமிட்டனர். ஆயினும், அவ்வாண்டு ஆகஸ்டில் ஆங்கிலத் தளபதி போஸ்காவன் அரியாங்குப்பம் கோட்டையைத் தாக்கினார். புதுச்சேரி முற்றுகை அக்டோபர் வரை நீடித்தது. செய்தி கப்பலில் வந்துசேரப் பல திங்கள் ஆகும் காலம் அது. ஐரோப்பாவில் ஓய்ந்த போருக்காக இங்கே உயிர்கள் மாய்ந்தன.

இன்று செய்தி நொடியில் வருகிறது. எனினும் பொழுது மாறவில்லை. குளிர்காலத்தில் பாரிசு நமக்கு நான்கரை மணிநேரம் பின்தங்கியது. கோடையில் மூன்றரை மணிநேரம். அங்குக் காலை 9 மணி என்பது குளிர்காலத்தில் நமக்குப் பிற்பகல் 1.30. நாம் மாலை 6 மணிவரை பணிபுரியின், இருசாராரும் ஒருங்கே விழித்துப் பணியாற்றும் நேரம் நான்கரை மணி. கூடிப் பேசவேண்டியவற்றை அந்நேரத்திற்கே ஒதுக்குதல் வேண்டும். நியூயார்க்கிலோ காலை 9 மணி, குளிர்காலத்தில் நமக்கு இரவு 7.30. இருவர்க்கும் பொதுவான பகற்பொழுது அறவே இல்லை.

காலமறிதலின் முதற்குறளில் காக்கையும் கூகையும் இடம்பெறுகின்றன. ஒன்று பகலுக்கு உரியது. மற்றொன்று இரவுக்கு உரியது. ஆண்டு முழுவதும் நம் இளைஞரையே கூகையாக்கி வைப்பது முறையன்று. இரவுக் கூட்டத்தின் சுமை சுழற்சி முறையில் இருதரப்பாராலும் ஏற்கப்படுதல் வேண்டும். ஊதியம் தருவோரின் பகலே அனைவர்க்கும் பகல் என்று கொள்வது மேலாண்மை ஆகாது.

இடனறிதல்

இடம் என்பது மணி வேறுபாடு மட்டுமன்று. வாழ்க்கை முறையும் ஆகும். சவூதி அரேபியாவில் 2013 முதல் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. ஐக்கிய அரபு அமீரகத்தின் அரசு அலுவலகங்களில் 2022 முதல் சனி, ஞாயிறு விடுமுறையும் வெள்ளி அரைநாள் பணியும் நடைமுறையில் உள்ளன. சனி, ஞாயிறு ஓய்வுகொள்ளும் புதுவைக் குழுவிற்குச் சவூதிக் குழுவோடு பொதுவாக அமையும் பணிநாட்கள் திங்கள் முதல் வியாழன் வரை நான்கே. வெள்ளித் தொழுகை, பொங்கல், கிறிஸ்துமஸ் ஆகிய அனைத்தையும் ஒரே நாட்காட்டியில் ஆண்டின் தொடக்கத்திலேயே குறித்துவைத்தல் தலைவரின் கடமை.

தெரிந்துதெளிதல்

கண்ணெதிரே இல்லாதாரை நம்புவது எப்படி? ஆளுநர் டூப்ளேயின் வரலாறு இதற்குப் பாடம். பாரிசிலிருந்த கம்பெனி இயக்குநர்க்கு அவர் எழுதிய கடிதத்திற்கு மறுமொழி வர ஓராண்டுக்கு மேலும் ஆகும். இயக்குநர் விரும்பியது வாணிகம். அவர் நடத்தியது போர். 1752இல் பாகூர்ப் போரில் பிரெஞ்சுப் படை தோற்றது. 1754 ஆகஸ்டில் கொதே என்பார் வந்து ஆளுநர் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டே டூப்ளே தாயகம் நோக்கிப் புறப்பட்டார். நோக்கம் ஒன்றுபடாத இடத்தில் நம்பிக்கை நிலைக்காது என்பது இதனால் பெறப்படும். ஆதலின், ஒருவர் எத்தனை மணிநேரம் திரைமுன் அமர்ந்தார் என்று எண்ணுவதைவிட, எதை முடித்தல் வேண்டும் என்பதை முன்னரே தெளிவாக உடன்பட்டு, முடித்த வினையைக் கொண்டு மதிப்பிடுதலே தக்கது.

தெரிந்துவினையாடல்

இவ்விடத்திலேயே முடிவு செய்யத்தக்கன யாவை, தலைமையைக் கேட்டே செய்யத்தக்கன யாவை என்று வரையறுத்தல் வேண்டும். இன்றேல் சிறு ஐயத்திற்கும் ஒருநாள் வீணாகும். பணி முடித்து எழுவோர், செய்து முடித்தது, எஞ்சியது, தடையாயிருப்பது ஆகிய மூன்றையும் எழுதிவைத்தால், மறுபுறம் விழிப்போர் தடையின்றித் தொடர்வர்.

எழுதிவைக்கும் இப்பழக்கம் நமக்குப் புதிதன்று. துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பு, கப்பல் வரவையும் சரக்கையும் பேச்சையும் நாள்தோறும் பதிவு செய்தது. அன்று நேரில் இல்லாத நாமும் அக்காலத்தை இன்று அறிய முடிவது அதனாலன்றோ?

மாணவச் செல்வங்களே, தொலைதூரப் பணிக்குக் கணினி அறிவு மட்டும் போதாது. ஐயமறத் தெளிவாக எழுதும் மொழித்திறனும், பிறர் பொழுதை மதிக்கும் பண்பும் வேண்டும். அவ்விரண்டையும் கற்றுத் தேர்ந்தார்க்குப் பிறந்த ஊரைவிட்டு நீங்காமலே உலகோடு தொழில்புரியும் வழி திறந்திருக்கிறது.