ரவையைத் தள்ளியது யார்?

மும்பையில் தாராவி என்ற பகுதி உள்ளது. அங்கே தமிழர்கள் பலர் வாழ்கிறார்கள். மாடசாமியும் அங்கேதான் இருக்கிறார். அவருக்குத் தகர டின் பட்டறையில் வேலை. பழைய எண்ணெய் டின்களைச் சுத்தியலால் தட்டி நெளிவு எடுப்பார். 15 ஆண்டுகளாக இதே வேலை.

ஒரு நாள் இரவு. “ஏங்க, சாப்பிட வாங்க” என்று பேச்சியம்மா கூப்பிட்டார். மாடசாமி திரும்பவில்லை. மூன்றாம் முறைதான் திரும்பினார்.

“ஏன் முணுமுணுக்கிறே? சத்தமாச் சொல்லு.”

மகள் செல்வி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். “அப்பா, பட்டறைச் சத்தம் உங்க காதைக் கெடுத்திருச்சு” என்றாள்.

மாடசாமி சிரித்தார். “கண்ணுக்கே தெரியாத சத்தம் காதை என்ன செய்யும்?”

செல்வி ஒரு கிண்ணத்தை எடுத்தாள். அதன் வாயில் பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டினாள். மேலே கொஞ்சம் ரவையைத் தூவினாள். பக்கத்தில் ஒரு தட்டைப் பிடித்துக் கரண்டியால் ஓங்கி அடித்தாள். டங்! ரவை துள்ளியது.

“தட்டு கிண்ணத்துல பட்டுச்சா அப்பா?”

“இல்லையே.”

“அப்போ ரவையைத் தள்ளியது யாரு?”

மாடசாமி யோசித்தார். செல்வி மறுபடி தட்டை அடித்தாள். “தொட்டுப் பாருங்க” என்றாள். தட்டு அதிர்ந்தது. அவர் இறுக்கிப் பிடித்தார். அதிர்வு நின்றது. சத்தமும் நின்றது.

“அதிர்வுதான் ஒலியாகுது. அதிரும் தட்டு பக்கத்துக் காற்றைத் தள்ளும். அது அடுத்த காற்றைத் தள்ளும். கூட்டமான ரயிலை நினைச்சுப் பாருங்க. வாசல்ல ஒருத்தர் இடிச்சா, அந்த இடி உள்ளே வரைக்கும் போகும். இடிச்சவர் வாசல்லதான் நிற்பார். அதுபோலத்தான் ஒலி அலையும். காற்று அங்கேயே ஆடும். தள்ளு மட்டும் முன்னே போகும்.”

காற்றில் ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர் செல்லும். இரும்பில் சுமார் 5,000 மீட்டர் செல்லும். ஓங்கி அடித்தால் அதிர்வு பெரிதாகும். அலை சுமந்து செல்லும் ஆற்றலும் கூடும்.

நம் காதுக்குள்ளும் ஒரு பறை உண்டு. அதன் பெயர் செவிப்பறை. ஒலி அலை பட்டால் அது அதிரும். அந்த அதிர்வு உட்காதுக்குப் போகும். அங்கே மயிரிழை கொண்ட நுண்ணிய செல்கள் உள்ளன. ஒரு காதில் சுமார் 15,000 செல்கள். அவையே ஒலிச் செய்தியை மூளைக்கு அனுப்ப உதவுகின்றன. பெரும் சத்தம் நாள்தோறும் தாக்கினால் அவை அழியும். அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை.

மாடசாமி அரசு மருத்துவமனைக்குப் போனார். மருத்துவர் காதைச் சோதித்தார். “போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றலாம். வேலை நேரத்தில் காதடைப்பான் போடுங்கள். வெறும் பஞ்சு போதாது” என்றார்.

இப்போது பட்டறைக்குப் புதிதாக வரும் இளைஞர்களிடம் மாடசாமி சொல்கிறார்: “தம்பி, முதல்ல இதைக் காதுல வை. அப்புறம் சுத்தியலை எடு.”

நினைவில் வைப்போம்

கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருக்கிறதா? அந்த இடத்துச் சத்தம் காதுக்குக் கேடு.

வேலை முடிந்த பின் காதில் இரைச்சல் கேட்கிறதா? மருத்துவரிடம் காட்டுங்கள்.

பயிற்சி

1. தட்டை இறுக்கிப் பிடித்ததும் சத்தம் ஏன் நின்றது?

2. காதுக்குள் இருக்கும் பறையின் பெயர் ______.

3. உங்கள் ஊரில் பெரும் சத்தம் உள்ள வேலைகள் எவை? எழுதுங்கள்.