நன்னடத்தை உத்தியோகத்தரின் பங்கும் கடமைகளும்

பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் முதன்முறையாகச் சைக்கிள் ஒன்றைத் திருடிப் பிடிபட்டான் எனக் கொள்வோம். அவனைப் பழகிய குற்றவாளிகளுடன் அடைத்து வைத்தால், அவன் அங்கு எதைக் கற்றுக்கொள்வான்? குற்றம் புரிந்தவரைச் சமூகத்திலேயே வைத்துத் திருத்துவதே நன்னடத்தை முறையின் நோக்கமாகும்.

தோற்றம்

1841 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஜோன் ஒகஸ்டஸ் என்ற பாதணித் தொழிலாளர், குடிப்பழக்கத்தால் நீதிமன்றம் வந்த ஒருவரைப் பிணையில் பொறுப்பேற்றுத் திருத்தினார். இதுவே இம்முறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. இலங்கையில் 1944 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்கக் குற்றவாளிகள் நன்னடத்தைக் கட்டளைச்சட்டம் இதற்கு அடிப்படையாக அமைந்தது. 1956 இல் நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் உருவானது. 1987 இன் 13 ஆவது திருத்தத்தின் பின் மாகாண மட்டத்திலும் இத்திணைக்களங்கள் இயங்குகின்றன.

கடமைகள்

1. சிறுவனின் குடும்பம், கல்வி, சூழல் என்பவற்றை விசாரித்து நீதிமன்றத்துக்குச் சமூக அறிக்கை வழங்குதல்.
2. நீதிமன்றம் விதித்த நிபந்தனைகளை அவனுக்கும் பெற்றோருக்கும் விளக்குதல்.
3. வீட்டுக்குச் சென்று சந்தித்து, ஆலோசனை கூறி மேற்பார்வை செய்தல்.
4. பாடசாலைக்கு மீளச் செல்லவோ தொழிற்பயிற்சி பெறவோ உதவுதல்.
5. நிபந்தனைகள் மீறப்படின் நீதிமன்றத்துக்கு அறிவித்தல்.
6. கைவிடப்பட்ட, துன்புறுத்தப்பட்ட சிறுவர்களின் பாதுகாப்பைக் கவனித்தல்.

இவற்றுள் முதலாவது மிக முக்கியமானது. பொலிஸ் அறிக்கை சைக்கிள் திருடப்பட்டதைக் கூறும். சிறுவனின் தாய் வெளிநாட்டில் வேலை செய்வதையும், அவன் பாடசாலையை விட்டு நின்றதையும் சமூக அறிக்கையே கூறும். எனினும் இரக்கத்தால் உண்மையை மறைக்கவும் உத்தியோகத்தருக்கு உரிமையில்லை. அவர் சிறுவனின் சட்டத்தரணியுமல்லர், பொலிஸ்காரருமல்லர். ஒரு சிறுவனின் எதிர்காலம் அவரது அறிக்கையில் பெரிதும் தங்கியிருப்பதால், நடுநிலை அவசியமாகும்.

வேறுபாட்டைக் கவனிக்க

நன்னடத்தை: சிறைக்குப் பதிலாக, நீதிமன்றக் கட்டளைப்படி சமூகத்தில் மேற்பார்வை செய்யப்படல்.
பரோல்: சிறைத்தண்டனையின் ஒரு பகுதியை அனுபவித்தவர் நிபந்தனையுடன் விடுவிக்கப்படல்.
மாணவர் பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிப் புள்ளிகளை இழக்கின்றனர்.

பயிற்சி வினாக்கள்

1. நன்னடத்தை உத்தியோகத்தரின் கடமைகள் மூன்றைக் குறிப்பிடுக.
2. நன்னடத்தை, பரோல் என்பவற்றுக்கிடையிலான வேறுபாட்டை விளக்குக.
3. “தண்டிப்பதை விடத் திருத்துவது சமூகத்துக்கு நன்மை தரும்.” உதாரணம் தந்து விளக்குக.

(குறிப்பு: மூன்றாம் வினாவுக்குச் சிறுவன் அடையும் நன்மையை மட்டுமன்றிச் சமூகம் அடையும் நன்மையையும் எழுதுக.)