பழைய துப்பாக்கியைப் படிப்பது எப்படி?

அன்புள்ள கதிர்,

போர்க்காலத் துப்பாக்கிகளைச் சேகரிக்க ஆசை என்று எழுதியிருந்தாய். ஆசையில் தப்பில்லை. எதைச் சேகரிப்பது என்பதில்தான் தெளிவு வேண்டும்.

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். பொதுவாக 21 வயது நிரம்பாமல் உரிமம் கிடைக்காது. படையினர் வைத்திருந்த .303, அதாவது போலீஸ்காரர்கள் 'திரீ நாட் திரீ' என்பார்களே, அது தடைசெய்யப்பட்ட ரகம். சாதாரண உரிமத்தில் வராது. கொல்லிமலைப் பக்கம் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறை அறிவிப்பதைக் கேள்விப்பட்டிருப்பாய். "பாட்டன் காலத்துச் சாமான்" என்று யார் நீட்டினாலும் கைநீட்டி வாங்காதே.

துப்பாக்கி கைக்கு வராவிட்டாலும் அதன் வரலாறு உனக்குக் கிடைக்கும். இரண்டாம் உலகப் போரில் சோவியத் படை ஜெர்மானியரிடம் ஏராளமான மவுசர் ரைபிள்களைக் கைப்பற்றியது. போர் முடிந்தபின் அவற்றைப் பிரித்துத் துடைத்து, கையில் கிடைத்த பாகங்களைக் கலந்து பூட்டினார்கள். மரக்கட்டைக்கு அரக்கு வார்னிஷ் அடித்தார்கள். பொருந்தாத பாகங்களில் புது எண் பொறித்தார்கள். பல ரைபிள்களில் கைப்பற்றியதற்கு அடையாளமாக ஒரு பெருக்கல் குறியும் உண்டு. நான்கு பாகத்தில் நான்கு எண் இருந்தால் அது குறையல்ல. அந்த ரைபிள் கடந்துவந்த பாதை அது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பழைய ரைபிளைப் பளபளப்பாகத் தேய்க்க மாட்டார்கள். தேய்த்தால் எழுத்து போய்விடும்.

நம் நாட்டிலும் இப்படி மாற்றியமைத்தது உண்டு. வங்காளத்து இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் .303 ரைபிள்களைப் போலீசுக்காக .410 மஸ்கட்டாக மாற்றினார்கள். குழலுக்குள் முறுக்கு வரி இருக்காது, வழவழவென்று இருக்கும். பத்துத் தோட்டா பிடிக்கும் மேகசின் இடத்தில் ஒரு மரத்துண்டை வைத்து அடைத்துவிட்டார்கள். ஒரு முறைக்கு ஒரு தோட்டாதான் போட முடியும். கலகக்காரர் கையில் சிக்கினாலும் அதற்கு ராணுவ ரைபிளின் பலம் இருக்கக் கூடாது என்பது கணக்கு. தன்னிடம் வேலை பார்த்த இந்தியப் போலீஸ்காரனை ஆங்கில அரசு எவ்வளவு நம்பியது என்பதை அந்த மரத்துண்டைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் இரும்பு பாதிக் கதைதான் சொல்லும். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அவர்கள் கைப்பற்றிய ஆங்கிலேயர் ஆயுதங்களே இந்திய தேசிய ராணுவத்துக்கு வந்தன. மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் படையில் சேர்ந்த தமிழர்களும், ஜான்சிராணிப் படைப் பெண்களும் அந்த ஆயுதங்களில்தான் பயிற்சி எடுத்தார்கள். 1944இல் இம்பால் போர்முனையில் எதிரே நின்ற பிரிட்டிஷ் இந்தியப் படையிடமும் .303 ரக ரைபிள்தான் இருந்தது. இரண்டு பக்கத்துத் துப்பாக்கிகளையும் அருகருகே வைத்தால், எது யார் தோளில் கிடந்தது என்று முத்திரையை மட்டும் பார்த்து எப்படிச் சொல்வாய்? அதைச் சொல்லக் காகிதமும் மனிதர் நினைவும் வேண்டும்.

நீ சேகரிக்க வேண்டியவை அவைதாம். பட்டாளத்திலிருந்து விலகியபோது கொடுத்த சான்று, ஓய்வூதியப் புத்தகம், சீருடைப் படம், மலேயாவிலிருந்து வந்த கடிதம் எல்லாம் பழைய டிரங்குப் பெட்டிகளில் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. ராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரி என்று ஊர் ஊராகக் கேட்டுப் பார். உரியவரின் அனுமதியோடு படமெடு. யாருடையது, எந்த ஆண்டு, யார் சொன்னது என்று மறக்காமல் குறித்துவை. ஆயுதங்களை நேரில் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் போய் வா. அங்கே துப்பாக்கியின் அழகை மட்டும் ரசித்துவிட்டு வராதே. எங்கே செய்தது, யார் மாற்றியது, யார் சுமந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தேடு. கிடைத்ததை எழுதி அனுப்பு, சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
உன் மாமா
சேலம்